எஸ்கலேட்டரைவிடச் செங்குத்தா? பனிச்சரிவு பற்றி முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் காசிங் ஏறி இறங்கிவிட்டு, வழக்கம்போல மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். வரும் மார்ச்சில் எங்கள் குழுவில் ஆறு பேர் நேபாளம் போகிறோம். அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, இங்க மழை பெஞ்சா மண்ணு சரியுது, அங்க பனி பெஞ்சா பனி சரியுது. இதுல படிக்க என்ன இருக்கு? நேரம் சரியில்லன்னா மாட்ட வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதில் பாதி சரி, பாதி ஆபத்தான தப்பு. சரியான பாதி, மண்ணையும் பனியையும் அவன் ஒப்பிட்டது. தப்பான பாதி, 'நேரம்'.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பனியில் வளர்ந்தவன் இல்லை, செந்தூல்காரன். நேபாளத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் நாலு நாள் பனிச்சரிவுப் பயிற்சி எடுத்திருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் தனியாகப் பனிமலைக்குக் கிளம்பிவிட முடியாது. வழிகாட்டி ஒன்றைச் சொல்லும்போது ஏன் சொல்கிறார் என்று புரிந்தால் போதும்.

மண்ணிலிருந்தே ஆரம்பிக்கலாம், அது நமக்குத் தெரிந்த விஷயம். 1993 டிசம்பர் 11-ஆம் தேதி ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் பத்தாங்காலி முகாம் திடலில் மண் இறங்கி 31 பேர் போனார்கள். கோலாலம்பூரில் வாழ்கிற எவருக்கும் சரிவு என்றால் இவைதான் முதலில் நினைவுக்கு வரும். நடப்பது எளிய கணக்கு. சாய்ந்த நிலத்தில் எந்தப் பொருளையும் கீழே இழுக்கிற பாரம் ஒன்று உண்டு, பிடித்து வைத்திருக்கிற பிடிப்பு ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும்போது பாரம் கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. ஒரு கட்டத்தில் இழுப்பு ஜெயிக்கிறது.

பனியிலும் இதே இழுபறிதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே மண் சரிகிறபோது மனிதர் வீட்டில் தூங்கிக்கொண்டோ காரில் போய்க்கொண்டோ இருப்பார். அவர் சரிவைக் கிளப்பவில்லை. பனிமலையில் விளையாட்டாகவோ ஏற்றத்துக்காகவோ போய்ச் சரிவில் இறப்பவர்களை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது தடவை அதைக் கிளப்பிவிட்டது அவரேதான், இல்லையென்றால் கூட வந்த ஒருவர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பயிற்சி வகுப்பில் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுகிற கணக்கு இது. விழத் தயாராக இருந்த சரிவுக்குக் கடைசி எழுபது கிலோ பாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நாம். அப்படியென்றால் நேரத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எந்தச் சரிவில் கால் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

நம் மொழியில் இந்த விஷயத்தைப் பேசும்போது ஒரு சங்கடம் வரும். புல் நுனியில் நிற்பதும் பனி, காலையில் மூட்டமாக இறங்குவதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொன்ன பனி குளிர்காற்றும் ஈரமும்தான். ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுவதால், மலைமேல் கிடப்பதும் ஒரே பொருள் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது லாப்பிஸ் கேக் மாதிரி. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. ஒன்று கெட்டி, ஒன்று தூள், ஒன்று வெயிலில் உருகி மறுபடி உறைந்த கண்ணாடித் தகடு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே பார்த்தால் ஒரே வெள்ளை. எந்த அடுக்கு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பயிற்சியில் இதைக் காட்ட ஒரு வித்தை செய்தார்கள். வந்ததும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நானும் செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம். காய் வெட்டுகிற பலகையில் கோதுமை மாவை மெல்லிசாகப் பரப்பிக் கையால் அழுத்திவிடுங்கள். அதன்மேல் சீனியைத் தாராளமாகத் தூவுங்கள். சீனிக்கு மேல் மறுபடி மாவு, இரண்டு விரல் கனத்துக்கு. கரண்டியின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டி இறுக்குங்கள். இப்போது மேலே பார்த்தால் சமமான, அழகான வெள்ளைத் தரை. பலகையின் ஒரு முனையைப் படுக்கவைத்த மைலோ டின்மேல் தூக்கிவைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. டின்னை நிமிர்த்தி வைத்து மறுபடி தூக்கினேன். அப்போதும் மாவு அப்படியே நின்றது. நடுவில் கரண்டி நுனியால் ஒரு குத்து. குத்திய இடத்தில் மட்டும் மாவு சரியும் என்றுதான் யாரும் நினைப்போம். சரிந்தது அது இல்லை. மேலே, குத்திய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கத்தியால் கீறின மாதிரி நேராக ஒரு விரிசல். அடுத்த நொடி மேல் மாவு மொத்தமும் ஒரே பாளமாகச் சீனி மணிகள்மேல் உருண்டு சிங்க்கில் போய் விழுந்தது. சீனி விற்கிற விலையில் இது தேவையா என்று வீட்டுக்காரம்மா கேட்டது தனிக் கதை.

ஆளைக் கொல்லுகிற பனிச்சரிவு பெரும்பாலும் இந்த வகைதான். இதைப் பாளச் சரிவு என்று சொல்லலாம். மேலே கெட்டியான பாளம், நடுவே பலவீனமான அடுக்கு, கீழே வழுக்குத் தளம். நீங்கள் பாளத்தின் நடுவில் நிற்கும்போது விரிசல் உங்களுக்கு மேலே விழும். காலடியில் தரை அப்படியே பெயர்ந்து நகரும். உலர்ந்த பனியாக இருந்தால் சில நொடிகளிலேயே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கே 110-தான் அனுமதி என்பதை நினைத்துப் பாருங்கள், ஓடித் தப்பிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு வகை, பொடிச் சரிவு. கட்டுமான இடத்தில் லோரி கொட்டின மணல் மேட்டில் ஒரு கல்லை உருட்டினால் ஒரு புள்ளியில் தொடங்கிக் கீழே விரிந்துகொண்டே போகுமே, அந்த மாதிரி. பெரும்பாலும் சிறியது. ஆனால் பாறை விளிம்புக்கு மேலே நிற்கிறவரைத் தள்ளிவிட அதுவே போதும்.

அந்தச் சீனி அடுக்கு மலையில் எப்படி உருவாகிறது? இந்தப் பாடம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரையை ஒட்டிய பனி சுழியம் டிகிரியை ஒட்டியே இருக்கும், பூமியின் சூடு அதைக் காக்கிறது. வெளியே காற்று மைனஸ் 20 என்று வையுங்கள். பனி இரண்டு மீட்டர் கனம் என்றால் இந்த வித்தியாசம் மெல்ல மெல்லப் பரவும். அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால், குறைந்த தூரத்துக்குள் பெரிய வித்தியாசம். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால், உள்ளே இருக்கும் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்திருந்த பனி மணிகளைத் தனித்தனிச் சீனி மணிகளாக மாற்றத் தொடங்கும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது, விரல் இடுக்கில் ஒழுகும். ஆகவே பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நம்பக் கூடாது. குளிர் அதிகமாக, பனி மெல்லிசாக இருந்த இடம்தான் பின்னால் பெரிய பனிப்பொழிவு வரும்போது ஏமாற்றும்.

இன்னொரு பலவீன அடுக்கு நம் புல் நுனிப் பனியின் அக்கா. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நம் ஊரில் கார் கண்ணாடிமேல் ஈரம் கோர்க்கிறதே, அதே வேலை உறைநிலைக்குக் கீழே நடந்தால் துளிக்குப் பதிலாக இறகு மாதிரிப் படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் மலைச்சரிவு முழுக்க மின்னும். எனக்குத் தெரிந்து பனிமலையில் இதைவிட அழகான காட்சி கிடையாது. படம் எடுத்துத் தள்ளினேன். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவே இல்லை. அடுத்த பொழிவு இதன்மேல் விழுந்தால் இந்த இறகுகள் அப்படியே புதைந்து, சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிற்கும் என்றார். வாரக்கணக்கில் நிற்குமாம்.

சரி, அடுக்கெல்லாம் உள்ளே மறைந்திருக்கிறது. வெளியே நின்று பார்க்கிற புது ஆளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டாமா? பனியைப் படிக்கக் கற்க வருஷங்கள் ஆகும், சாய்வை அளக்க ஒரு நிமிஷம் போதும். பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. மிக அதிகமாகக் கிளம்புவது 38-ஐ ஒட்டி. அதைவிட மிகவும் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே கிளம்புவது அரிது.

30 டிகிரி எப்படி இருக்கும்? நம் ஊரில் அதற்கு அளவுகோல் தேடி அலைய வேண்டியதில்லை. பேரங்காடிகளிலும் ரயில் நிலையங்களிலும் இருக்கிற எஸ்கலேட்டர் வழக்கமாக 30 டிகிரிதான். அந்தக் கைப்பிடி எந்தச் சாய்வில் போகிறதோ, அதுதான் எல்லைக்கோடு. எஸ்கலேட்டரைவிடச் செங்குத்தாகத் தெரிகிற, பனி மூடிய மலைச்சரிவில் ஏறாமலும் குறுக்கே கடக்காமலும் இருந்தாலே ஆபத்தில் பெரும்பங்கு கழிந்துவிடும். கண்ணை நம்ப வேண்டாம். கீழே இருந்து பார்த்தால் எல்லாச் சரிவும் சுவர், பத்துமலைப் படியை அடிவாரத்தில் நின்று பார்க்கிற எவரும் இதை ஒத்துக்கொள்வார். மேலிருந்து பார்த்தால் அதே சரிவு சாதுவாகத் தெரியும். கைப்பேசியில் சாய்வு காட்டுகிற செயலி இருக்கிறது. நடைக்குச்சியைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்தால் எண் தெரியும். அளப்பதற்காக ஆபத்தான சரிவுக்குள் போகக் கூடாது, ஓரத்தில் நின்று அளக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நானே ஒருமுறை அப்படிப் போய்த் திட்டு வாங்கினேன்.

ஆனால் நீங்கள் நிற்கிற இடம் தட்டையாக இருந்தால் மட்டும் போதாது. பத்தாங்காலியில் இறந்தவர்கள் செங்குத்தில் நிற்கவில்லை, சரிவுக்குக் கீழே கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே கிளம்புவது கீழே வந்துதான் நிற்கும். எங்களை மாதிரி நேபாளத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். நாங்கள் நடக்கிற பாதை பள்ளத்தாக்கு அடியில் போகிறது. பனிச்சறுக்கு ஆட்டக்காரர் மாதிரி நாங்களாகச் சரிவைக் கிளப்புவது குறைவு, தலைக்கு மேலே தானாகக் கிளம்பி வருவதுதான் கவலை. அன்னபூர்ணா பாதையில் ஹிமாலயா என்ற தங்குமிடத்துக்கும் தேவுராலிக்கும் இடைப்பட்ட பகுதி அதற்குப் பேர்போனது. மேலே இருக்கும் ஹியுஞ்சுலி மலையின் பனிமுகடு பாதையிலிருந்து கண்ணுக்கே தெரியாது. நடக்கிறவர் பார்ப்பது மூங்கிலும் பாறைச் சுவரும்தான். 2020 ஜனவரி 17-ஆம் தேதி அந்தப் பகுதியில் விழுந்த சரிவில் தென்கொரியர் நால்வரும் நேபாளியர் மூவரும் சிக்கினார்கள். ஆகவே அங்கே நடைமுறை இப்படி: காலையில் வெயில் முகட்டில் ஏறுவதற்கு முன்னால் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். நடுவில் நின்று தண்ணீர் குடிப்பது, படம் எடுப்பது கிடையாது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். புதுப்பனி விழுந்திருந்தால் தங்குமிடத்திலேயே ஒரு நாள் சும்மா உட்கார்ந்து சீட்டு ஆட வேண்டும். அதற்காகவே பயணத் திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம்.

வானிலையைப் பற்றி ஒன்று சொன்னால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பனி எவ்வளவு விழுந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாக விழுந்தது என்பது முக்கியம். மெதுவாகச் சேர்கிற பாரத்துக்கு அடுக்குகள் பழகிக்கொள்ளும், ஒரே நாளில் அரை மீட்டர் விழுந்தால் பழக நேரம் இல்லை. காற்று இன்னும் மோசம். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் பனியை ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கத்தில் அது கொட்டும். வானத்திலிருந்து பனி விழாமலே, வெயில் அடிக்கிற நாளில்கூட, காற்றுக்கு மறைவான பக்கத்தில் பாளம் வளர்ந்துகொண்டிருக்கும். திடீர் வெப்பம் மூன்றாவது. ஈரம் இறங்கினால் பனி நம் ஊர் மண் மாதிரியே நடந்துகொள்ளும்.

2014 அக்டோபரில் நடந்ததைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயல் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து இரண்டு நாளில் இமயமலையில் மோதியது. அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிற தோரோங் கணவாயில் அது பனிப்புயலாகவும் சரிவுகளாகவும் இறங்கி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் அங்கே நடைக்கு மிக நல்ல மாதம், வானம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எல்லாரும் சொல்கிற மாதம். விசாகப்பட்டினத்துப் புயல் செய்தியையும் தங்கள் கணவாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அங்கே நடந்துகொண்டிருந்த பலருக்குத் தோன்றியே இருக்காது. அன்றிலிருந்து நேபாளம் போகும் முன் வங்கக் கடல் வானிலையைப் பார்ப்பது என் பழக்கம்.

பனி தன்னைப் பற்றித் தானே சொல்கிற நேரங்களும் உண்டு. பக்கத்து மலைச்சரிவில் நேற்று இன்று விழுந்த புதுப் பனிச்சரிவின் தடம் தெரிந்தால், அதே திசையில் அதே சாய்வில் இருக்கிற மற்ற மலைச்சரிவுகளும் விழத் தயார் என்று அர்த்தம். கால் வைத்ததும் காலிலிருந்து விரிசல் ஓடினால் திரும்ப வேண்டியதுதான். மூன்றாவது, சத்தம். ஹொக்கைடோவில் ஒரு மதியம் காட்டு ஓரத் தட்டை நிலத்தில் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போனவர் ஒரு அடி எடுத்து வைத்தார். மாடி வீட்டில் யாரோ கனமான மெத்தையைத் தொப்பென்று போட்ட மாதிரி ஒரு சத்தம், காதில் கேட்டதைவிட வயிற்றில் கேட்டது. அதே கணம் என் காலடித் தரை ஒரு விரல்கடை இறங்கியது. இருபது மீட்டர் தள்ளி நின்ற சின்ன மரம் ஒன்று தலையாட்டிப் பனியை உதிர்த்தது. கீழே புதைந்திருந்த பலவீன அடுக்கு எங்கள் பாரத்தில் மடிந்த சத்தம் அது. தட்டை நிலம் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, இதே சத்தம் 35 டிகிரியில் கேட்டிருந்தால் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலும் வட அமெரிக்காவிலும் தினசரி பனிச்சரிவு அறிக்கை வரும். சுவிட்சர்லாந்தில் தாவோஸ் ஊரில் இருக்கும் ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடுகிறது. ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை. நம்மை ஏமாற்றுகிற எண் 3. பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஐந்துக்கு மூன்று என்றால் அறுபது மார்க், பாஸ் என்று தோன்றும். அந்த ஏணி அப்படிப் போவதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஆபத்து பல மடங்காக ஏறுகிறது, 3 என்றாலே ஓர் ஆள் பாரத்தில் சரிவு கிளம்பக்கூடும். 4, 5 அன்று பெரும்பாலோர் வெளியே போகவே மாட்டார்கள். 3 அன்று போவார்கள். உயிர்ப்பலியில் பெரும்பங்கு 3-இல் நடப்பது அதனால்தான்.

போவது என்று முடிவானால், சந்தேகமான சரிவை ஒருவர் பின் ஒருவராகக் கடக்க வேண்டும். ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். விழுந்தால் கடைசியாக எங்கே தெரிந்தார் என்பதுதான் தேடலின் தொடக்கம். சரிவுக்குக் கீழே ஓடைப் பள்ளமோ பாறை விளிம்போ இருந்தால், சின்னச் சரிவுகூட ஆளைப் பல மீட்டர் ஆழத்தில் புதைக்கும், அல்லது தூக்கி எறியும். அப்படிப்பட்ட இடத்துக்கு மேலே போகவே வேண்டாம்.

புதைந்துவிட்டால்? இங்கே கணக்கு கொடூரமாக எளியது. பத்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். நின்றுபோன பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. தான் விட்ட மூச்சே முகத்தைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். ஹெலிகாப்டர் வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும். காப்பாற்றக்கூடியவர் கூட வந்தவர் மட்டும்தான். அதனால்தான் பாதையற்ற பனிமலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மூன்று பொருள் வைத்திருப்பார்கள். உடம்போடு கட்டிய டிரான்ஸீவர் ஒன்று. உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் அது குரல் கொடுத்துக்கொண்டும் தேடும்போது கேட்டுக்கொண்டும் இருக்கும். ப்ரோப் என்கிற நீள மடக்குக் கம்பி இன்னொன்று, குத்திப் பார்த்து ஆள் இருக்கும் இடத்தை உறுதி செய்ய. மூன்றாவது, உலோக மண்வெட்டி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். பயிற்சியில் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்த பையை நாங்கள் மூன்று பேர் மூச்சு வாங்கத் தோண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. மூன்று பேருமே வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர்கள். ஒரு கன மீட்டர் சரிந்த பனி 300 கிலோவுக்குக் குறையாது என்பது அன்றைக்கு முதுகுக்குத் தெரிந்தது.

இதற்கு விதிவிலக்கு உண்டு என்று சிலர் சியாச்சினைக் காட்டுவார்கள். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரர் ஆறு நாளுக்குப் பிறகு உயிரோடு எடுக்கப்பட்டார். நம் வீடுகளில் அப்போது எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் வேண்டிக்கொண்டு இருந்தோம். அவர் முகாமுக்குள் இருந்ததால் சுற்றிலும் கொஞ்சம் காற்று அகப்பட்டிருந்தது. 11-ஆம் தேதி அவரும் போய்ச் சேர்ந்தார். சரிவில் உருண்டு திறந்தவெளியில் புதைகிறவருக்கு அந்தக் காற்றுப்பை கிடைக்காது.

எங்கள் ஆறு பேரும் டிரான்ஸீவர் கொண்டுபோகப் போவதில்லை, அந்தப் பாதையில் நடப்பவர்கள் யாரும் பொதுவாகக் கொண்டுபோவதும் இல்லை. அதனால் எங்களுக்கு மீட்பு என்பதே திட்டத்தில் கிடையாது. தவிர்ப்பது மட்டும்தான் இருக்கிறது.

தவிர்ப்பதில் முதல் எதிரி பனி இல்லை. இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளை அலசி, தெரிந்தவர்களே ஏன் மாட்டுகிறார்கள் என்று பார்த்தார். பழகின இடம் என்ற தைரியம், கூட வந்தவர் முன் கெத்து, முன்னால் போனவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை, மற்றவர்கள் போகிறார்களே என்ற எண்ணம் இப்படிச் சில. அதில் ஒன்றுக்கு நம்மிடம் தயாராகவே வசனம் இருக்கிறது: "இவ்வளவு தூரம் வந்துட்டோம்." டிக்கெட் போட்டாச்சு, லீவு போட்டாச்சு, ஆளுக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டியாச்சு, முகாமுக்கு இன்னும் நாலே மணி நேரம். திரும்பு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம், பனி கூடுதலாக விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம ஆளு பார்த்துக்குவாருங்க" என்றார். அந்தப் பதிலுக்காகவே வேறு ஆளிடம் போனோம். இப்போது எங்களுக்குள் ஒரு விதி இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர், யாராக இருந்தாலும், வேண்டாம் என்றால் திரும்புகிறோம். ஏன் என்று கேட்கக் கூடாது. புது ஆளுக்கும் அதே ஓட்டு.

நம்மவர்களுக்குப் பனி தூரமான சங்கதி என்றும் சொல்ல முடியாது. 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். அவர்கள் கடந்த கும்பு பனியருவியில்தான் 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி மேலே தொங்கிய பனிக்கட்டி மதில் உடைந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது பாளச் சரிவு இல்லை, பனிக்கட்டிச் சரிவு. எந்த நேரத்தில் உடையும் என்று எவராலும் சொல்ல முடியாத வகை. அதற்கு ஒரே மருந்து, அதன் கீழே இருக்கிற நேரத்தைக் குறைப்பது.

இதையெல்லாம் இரண்டு வாரத் தேநீரில் தம்பியிடம் சொல்லி முடித்தேன். எவ்வளவு மண்டையில் ஏறியது என்று தெரியவில்லை. போன வாரம் கேஎல் சென்ட்ரலில் சந்தித்தோம். எஸ்கலேட்டரில் எனக்கு இரண்டு படி மேலே நின்றவன், கைப்பேசியை எடுத்துக் கைப்பிடிமேல் படுக்கவைத்தான். பின்னால் நின்ற அம்மா ஒருவர் இவனுக்கு என்ன ஆச்சு என்பதுபோல என்னைப் பார்த்தார். அவன் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"முப்பதுதாண்ணே," என்றான். அப்புறம் தலையைத் தூக்கி மேல் கூரையைப் பார்த்தான்.